கிணற்று மண்

எனக்குக் கோபம் வந்தால் தரையைப் பெருக்குவேன். அன்று விடியும் முன்பே பெருக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பெரியபட்டினத்துக்குச் சீனக் கப்பல்கள் வந்ததைப் பற்றித்தான் என் பிஎச்.டி. எனக்கு முன்னால் ஆய்வுக்கு வந்தவர்கள் பொறுக்கியது போக, எனக்கென்று ஒரு பீங்கான் ஓடுகூடக் கிடைக்கவில்லை. "கைல ஒண்ணும் இல்லன்னா தலைப்பை மாத்திரலாம், மாஷிதா" என்று சொல்லிவிட்ட என் வழிகாட்டி மாலதி மேடம், கடைசியாக ஒருமுறை பார்க்க நேரிலேயே வந்தார். காலை முழுக்கத் தோப்பும் கடற்கரையுமாகச் சுற்றினோம். ஷாம்பு பாக்கெட்டுகள்தான் கிடைத்தன.

சாப்பாடு எங்கள் வீட்டில். குழாய் போடுவதற்காக அடுக்களைத் தரையில் தோண்டிய குழி மூடாமல் கிடந்தது. மானம் போகுமே என்று அதன்மேல் பாயை விரித்திருந்தேன். கை கழுவ வந்த மேடம் நேராக அந்தப் பாயில் கால் வைத்தார். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்தேன். மேடம் எழவில்லை. குழிக்குள் கையை விட்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க வா."

பச்சைப் பீங்கான் ஓடு. அதற்கடியில் நீலக்கொடி வரைந்த இன்னொன்று. பச்சை ஓட்டின் அடியில், பூச்சு ஈரமாக இருந்தபோது பதிந்த விரல் தடம். என் கட்டைவிரலை வைத்தேன். பொருந்தியது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால், அத்தனை கடலுக்கு அப்பால், ஒரு ஆள் இதை இப்படித்தான் பிடித்துத் தூக்கியிருக்கிறார்.  அடுப்பருகே நின்ற உம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"இந்த மண் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று மேடம் உம்மாவிடம் கேட்டார்.

"நம்ம கெணத்துல வெட்டுனதுதான். கெணத்து மண்ணை வெளிய விட்டா வீட்டுப் பரக்கத்தும் செழிப்பும் போயிரும்ல. அதான் தரைக்கடியில போட்டு மூடிருவோம். இந்தத் தெருவே அப்படித்தான்."

வாசலுக்கு ஓடினேன். இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு. நான் தோப்பு தோப்பாகத் தேடி அலைந்த துறைமுகத்தின் மேல்தான் இந்தத் தெருவே சோறு தின்று தூங்கிக்கொண்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து நடந்த தெருவில் கால் வைக்கவே கூசியது.

உள்ளே மேடம் தயங்கித் தயங்கிப் பேசினார். "தலைப்பை மாத்த வேணாம். ஆனா அனுமதி வாங்கி முறையா தோண்டணும். தரையைப் பூராப் பேத்தெடுக்கணும்மா."

வாப்பா சவுதியில் வருஷக்கணக்காக உழைத்துப் போட்ட தரை அது.  உம்மா குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனாள்.

"பேத்துக்கங்க. மண்ணு மட்டும் வாசலைத் தாண்டப்புடாது."