மெதுவாக ஓடிய குரல்

எண்பத்தைந்தாம் வருஷம். ஆரணியை ஒட்டிய சேவூரில் கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டிக்கொண்டிருந்த சவரிராஜுக்கு டிஸ்கோ பைத்தியம் பிடித்திருந்தது. பம்பாயில் வேலை பார்த்த நண்பன் மணவாளன் கொண்டுவந்த கேசட்தான் காரணம். அதில் வார்த்தையே கிடையாது. மிஷின் டிரம்மும் கீபோர்டும் நெஞ்சில் குத்துகிற மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் தங்கை ஜெபராணியைப் பாடவைத்து, மணவாளன் கல்யாணத்தில் போட்டு ஊரையே ஆடவைக்க நினைத்தான்.

ஜெபராணி சர்ச்சில் பாடுகிறவள். மணமக்களுக்கு ஒரு வாழ்த்துப் பாட்டைத் தானே கட்டி டேப்பில் பாடிக்கொடுத்தாள். இரண்டு டேப் டெக்கில் இரண்டு கேசட்டையும் சேர்த்து ஓட்டினால் ஒட்டவில்லை. அவள் பாட்டு முந்திக்கொண்டு ஓடியது, சுருதியும் மேலே நின்றது. சவரிராஜ் ஒரு டெக்கைப் பிரித்தான். மோட்டார் வேகத்தை மாற்றுகிற சின்னத் திருகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழைப் பற்றவைத்தான். இனி குமிழைத் திருப்பினால் போதும். டேப் மெதுவாகும், குரலும் கூடவே கனத்துக் கீழிறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜெபராணி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, குமிழை மெல்லத் திருப்பினான். அவள் குரல் தடித்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

ஸ்பீக்கரில் ஜோசப்ராஜ் பாடினான்.

அவர்களுடைய மூத்த அண்ணன். போளூர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனவன். அவன் குரலை யாருமே டேப்பில் பிடித்து வைத்திருக்கவில்லை. சவரிராஜின் விரல்கள் குமிழிலேயே விறைத்து நின்றன.

"அண்ணே, அது நான் இல்ல," என்றாள் ஜெபராணி. அவள் உதடு வெளுத்திருந்தது.

சமையலறையில் முறம் விழுந்தது. அம்மா இன்னாசியம்மாள் கையெல்லாம் தவிட்டோடு ஓடிவந்து கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"யார்டா அது? எங்கடா அவன்?"

"யாரும் இல்லம்மா. நம்ம ஜெபாதான். மெதுவா ஓட்டிகினு இருக்கேன்."

குமிழை மேலே ஏற்றிக் காட்டினான். அண்ணன் குரல் மெலிந்து மெலிந்து ஜெபராணி ஆனது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கீழ கொண்டாடா. ஜல்தி கொண்டா," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. அம்மா சமைப்பதை விட்டுவிட்டு டெக்கின் முன்னால் உட்கார்ந்தாள். ஜோசப்ராஜ் பாடிய பாட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஜெபராணியைப் பாடச் சொன்னாள். அவள் பாடி முடிப்பதற்குள், "போதும், இறக்குடா," என்பாள். குரல் இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்வாள். தடுக்க சவரிராஜுக்கு மனம் வரவில்லை. அவனுக்கும் அந்தக் குரல் வேண்டியிருந்தது.

ஒருநாள் பாதிப் பாட்டில் ஜெபராணி மைக்கைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"நான் பாடுனது ஒண்ணுகூட நீ கேக்கலம்மா. நான் செத்துருந்தா அண்ணனை வேகமா ஓட்டி என்னைக் கேப்பியா?"

இன்னாசியம்மாள் மகளையே பார்த்தாள். கன்னத்தில் அறை வாங்கினவள் மாதிரி இருந்தது அவள் முகம். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சவரிராஜ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பிறகு ஜெபராணியின் வாழ்த்துப் பாட்டு கேசட்டைச் சாதாரண டெக்குக்கு மாற்றினான். குமிழ் வைத்த டெக்கில் பம்பாய் கேசட்டைப் போட்டான். குரலைத்தான் இறக்க வேண்டுமென்று யார் சொன்னது? மிஷின் இசையை அவளுடைய சுருதிக்கு ஏற்றினான். டிரம் துள்ள ஆரம்பித்தது. முதல்முறையாக இரண்டும் ஒட்டின.

கல்யாணத்தில் அதைத்தான் போட்டான். இளவட்டங்கள் சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்கள். மணவாளன் மாலையோடு இறங்கி ஆடினான். ஜெபராணியும் தோழிகளோடு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

இன்னாசியம்மாள் சேரில் அசையாமல் இருந்தாள். பக்கத்துச் சேரிலிருந்த உறவுக்காரி சகாயம்மாள் அவள் காதருகே குனிந்து, "யார்க்கா பாடறது? சினிமாக்காரியா?" என்று கத்தினாள்.

"எம் பொண்ணு," என்றாள். அந்தச் சந்தடியில் ஜெபராணிக்கு அது கேட்கவில்லை.