பேத்தமங்களா வண்டல்

அன்று அந்தப் பின்முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் தாமோதரன், அவர் மகன் ரூபேஷ், பக்கத்து வீட்டு பியாட்ரிஸ், தாமோதரனோடு இருபது வருஷம் ஒரே ஷிஃப்டில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கிய இன்பராஜ், டி.வி.யில் தோட்டம் போட்டுக் காட்டும் நேத்ரா. படப்பிடிப்பை நடத்திய வினய். கேமராக்காரர் ஒருவர், கூலியாட்கள் நான்கு பேர், பெயரை யாரும் கேட்டுக்கொள்ளாத ஒரு டிராக்டர் டிரைவர். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள். அவர்கள் வேடிக்கை பார்த்தவர்கள், இருந்தவர்கள் ஆகமாட்டார்கள். பின்னால் ஆளுக்கொரு கதை சொன்னவர்களும் அவர்கள்தான்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரியான மாலா அங்கே இல்லை. பேத்தமங்களாவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவளைக் காலை முதல் பஸ்ஸிலேயே மருமகள் லதா அழைத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வரும்போது அவள் ஆச்சரியப்பட வேண்டும் என்பது டி.வி.காரர்களின் ஏற்பாடு.

தாமோதரனுக்கு எழுபத்தாறு வயது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்தவர். தலைக்கு மேல் பாறை எப்போது இறங்கும் என்று தெரியாத இடத்தில் அவர் வா என்றால் ஆட்கள் வந்தார்கள், வெளியே போ என்றால் போனார்கள். சொன்ன சொல்லை மாற்றுகிற மேஸ்திரியின் பின்னால் ஒருவனும் போகமாட்டான் என்பதை அவர் அங்கேதான் கற்றுக்கொண்டார். சுரங்கம் மூடிய பிறகும் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒரு வழக்கு என்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். யாரிடமும் போய் நிற்காத குடும்பம் என்று அந்த வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு.

வீட்டின் பின்னால் பத்தடிக்கு இருபதடி இடம். அவர்கள் குடிவந்தபோது அங்கே இருந்ததை மண் என்றே சொல்ல முடியாது. கல் சில்லும், காற்றடிக்கும் மாதங்களில், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து பறந்து வந்து படிந்த வெள்ளைப் புழுதியும்தான். அருகம்புல்கூட அதில் வேர் பிடிக்கவில்லை. கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷம், பேத்தமங்களா ஏரி வற்றியிருந்த கோடையில், மாலா ஓர் உரச்சாக்கில் அதன் வண்டலைக் கட்டி பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ் நின்ற இடத்திலிருந்து தலையில் சுமந்து வந்து பின்னால் கொட்டினாள். அதற்குப் பிறகு தங்கை வீட்டுக்குப் போய் வெறுங்கையோடு அவள் திரும்பியதில்லை. "ஏனம்மா, மண்ணிகூ டிக்கெட் தகோ" என்று கன்னடக்காரக் கண்டக்டர்கள் வம்புக்கு இழுப்பார்கள். அவள் மண்ணுக்கும் டிக்கெட் எடுத்தாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அந்த இடம் முழுக்க ஒன்றரைச் சாண் கனத்துக்குக் கறுப்பு மண் ஏறிவிட்டது.

பார்ப்பதற்கு அது அழகான தோட்டம் அல்ல. பழைய பைப்பையும் கம்பியையும் கட்டிய அவரைப் பந்தல், கிழிந்த புடவைத் துண்டால் கட்டிய தக்காளிச் செடி, ஒரு மூலையில் பூசணி, சுவரோரம் முளைக்கீரை. குழாயில் தண்ணீர் ஒன்பது நாளைக்கு ஒரு முறை வரும். அரிசி கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், பியாட்ரிஸ் வீட்டில் மீன் கழுவின தண்ணீர், எல்லாம் அங்கே போகும். புழுதி அடிக்கும் நாட்களில் மாலா ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவள் தவறாமல் 'ஒரே நாளில் ஒரு தோட்டம்' பார்ப்பாள். காலையில் குப்பைமேடாக இருக்கும் இடம் சாயங்காலம் பூந்தோட்டமாகிவிடும் நிகழ்ச்சி அது. அதில் செடிக்குப் பூச்சி வராது, ஆடு வேலி தாண்டாது, கையுறையில் சேறு ஒட்டாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது காட்டுகிறார்களா என்று மாலா கேட்டுச் சிரிப்பாள். விதை போட்டுவிட்டு முளைக்குமா என்று உட்கார்ந்திருக்கிற முகம் அதில் ஒன்றுகூட வரவில்லை என்பாள். மற்றவர்கள் கோமாளிக் கூத்து பார்க்கிற மாதிரி அவள் அதைப் பார்த்தாள்.

காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இரவு திரும்புகிற ரூபேஷுக்கு இது தெரியவில்லை. அம்மா ஆசையாகப் பார்க்கிறாள், வாழ்நாளில் ஒரு தடவையாவது அப்படி ஒன்று அவளுக்குக் கிடைக்கட்டும் என்று அவன் நிகழ்ச்சிக்கு எழுதிப் போட்டான். நல்லெண்ணத்தில்தான் செய்தான். தாமோதரனிடம் சொன்னபோது அவர் யோசித்தார். இலவசமாக வருவது அவருக்குப் பிடிக்காது. ஆனால் சாம்பியன் ரீப்ஸிலேயே முதல் வீடாக நம் வீடு டி.வி.யில் வரும் என்று மகன் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டார்.

அன்று காலை ஏழு மணிக்குக் கேமராவை வைத்துக்கொண்டு நேத்ரா அவரிடம், இடத்தை முழுக்க எங்கள் கையில் விட்டுவிடுகிறீர்களா, நடுவில் மனசு மாறமாட்டீர்களே என்று கேட்டாள். வேலிக்கு வெளியே லைனே நின்றுகொண்டிருந்தது.

"நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதாம்மா. இங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

வெளியே கை தட்டினார்கள். பந்தலைப் பிரித்தார்கள், பூசணிக்கொடியைச் சுருட்டி எறிந்தார்கள். செடி போனால் செடி வரும் என்று அவர் விட்டுவிட்டார். அதன் பிறகு வினய் மண்ணைக் காலால் கிளறிப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தான்.

"சார், இந்த மேல் மண்ணையும் எடுத்துடணும். கறுப்பா கச்சடாவா இருக்கு, கேமராவுல அசிங்கமா தெரியும். புல் பாய் விரிக்க லெவல் வேணும். ஓகேதானே?"

இன்பராஜ் அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணே, அது அண்ணியோட மண்ணு. வேணான்னு சொல்லு."

தாமோதரனுக்கும் வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அரைமணி முன்பு கை தட்டியவர்கள் வேலிக்கு வெளியே அப்படியே நின்றார்கள். நிலத்தடியில் எத்தனையோ இடத்தில் அரை நொடியில் முடிவெடுத்தவர் அங்கே நின்று தன் கைத்தடியைப் பார்த்தார்.

"எடுத்துக்கங்க" என்றார்.

பியாட்ரிஸ் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பத்து நான்கு வருஷத்து மண் பத்து மணிக்குள் இரண்டு டிராக்டர் நடையில் போயிற்று. கீழே மறுபடியும் அந்தக் கல் சில்லு தெரிந்தது. அதன் மேல் மூட்டைகளில் வந்த தேங்காய்நார்த் தூளைத் தூவி, சுருட்டி எடுத்து வந்த புல்லைப் பாய் போல விரித்தார்கள். பூத்துக் குலுங்கும் காகிதப்பூச் செடிகளைத் தொட்டியோடு குழியில் இறக்கி விளிம்பை மறைத்தார்கள். ஓரத்தில் ஆறு குரோட்டன்ஸ் செடி, நடுவில் ஒரு சிமெண்ட் வாத்து.

நான்கு மணிக்கு மாலாவைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தவள், புல்லில் முதல் அடி வைத்ததுமே நின்றுவிட்டாள். துணியை அவிழ்ப்பதற்கு முன்பே அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது. அவிழ்த்த பிறகு பூவைப் பார்க்கவில்லை, வாத்தைப் பார்க்கவில்லை. குனிந்து புல்லின் ஓரத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"மண்ணு எங்க?"

நேத்ரா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, இனிமேல் ஆன்ட்டி காலில் அழுக்கே படாது என்றாள். வினய் கேமராவை நிறுத்தச் சொன்னான். இது சரிவரவில்லை, மறுபடியும் கண்ணைக் கட்டி எடுக்கலாம், அம்மா கொஞ்சம் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று தாமோதரனிடம் பணிவாகத்தான் கேட்டுக்கொண்டான். தாமோதரன் மனைவியின் பக்கத்தில் போனார்.

"சிரி. நாலு பேரு பாக்கறாங்க."

மாலா அவரை ஒரு முறை பார்த்தாள். இரண்டாவது தடவை துணியை அவிழ்த்தபோது சிரித்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் சொல்லி அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். காகிதப்பூத் தொட்டிகள் அடுத்த படப்பிடிப்புக்கு வேண்டுமாம், எடுத்துக்கொண்டார்கள். புல்லும், ஆறு குரோட்டன்ஸ் செடியும், வாத்தும், ஒன்பது குழிகளும் மிஞ்சின.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மாலா கேட்டது ஒன்றே ஒன்று: மண்ணை எங்கே கொட்டினார்கள்? ரூபேஷ் டிரைவருக்கு போன் போட்டுக் கேட்டான். பழைய சுரங்க ஷாஃப்டைத் தாண்டி, சயனைடு மேட்டின் அடிவாரத்தில்.

"இன்பராஜு டெம்போவை வெச்சிக்கினு காலையில போய் அள்ளிக்கினு வந்துடலாங்க. வெள்ளை மண்ணோட கலந்துட்டா அப்புறம் எதுக்கும் ஆவாது" என்றாள் மாலா.

தாமோதரன் எழுந்து கை கழுவினார். மறுநாளே போய் அள்ளினால், மேஸ்திரி ஏமாந்துவிட்டார் என்று லைன் முழுக்கப் பேசும். நிகழ்ச்சி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். இரண்டாம் நாள் மாலா மறுபடியும் கேட்டாள். அவர் அதையே சொன்னார். மூன்றாம் நாள் அறுபத்தெட்டு வயதில், வீங்கிய முழங்காலோடு, அவள் தானே சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் வாசலில் மறித்து நின்று சாக்கை வாங்கி ஆணியில் மாட்டினார். இந்த வீட்டுப் பெண்பிள்ளை லைன் நடுவில் மண் சுமந்து போவதை ஊர் பார்க்க வேண்டாம் என்றார். அவள் சுமந்து வந்ததை ஊர் நாற்பத்து நான்கு வருஷமாகப் பார்த்ததுதான்.

அதே நாள் சாயங்காலம் டீக்கடையில் ஒருவன் அவரைக் கேட்டான். "இன்னா மேஸ்திரி, ஏதோ பெரிய விஷயம் போலக்கீதே. தோட்டம் போட வந்தவன் மண்ணைக் கொண்டாந்து கொட்டுவானா, அள்ளிக்கினு போவானா? அந்த மண்ணுல இன்னா இருந்துச்சு?"

கடையில் இருந்த எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். தங்கம் எடுத்த ஊரில் மண் வண்டி ஏறிப் போனால் மனிதர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான். அது ஏரி வண்டல், என் மனைவி பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்தது, அதை நான் குப்பையென்று தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் டீயைக் குடித்து முடித்து, என்னவோ இருந்தது என்பது போலத் தலையை அசைத்துவிட்டு எழுந்து நடந்தார்.

நான்காம் நாள் விடியலில் அவரே இன்பராஜை எழுப்பி டெம்போவை எடுக்கச் சொன்னார். ராத்திரி முழுக்க மாலா சுவரைப் பார்த்தபடி தூங்காமல் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். ஊர் எழுவதற்கு முன் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

அடிவாரத்தில் முப்பது பேர் இருந்தார்கள். கறுப்பு மண்ணை பேசினில் போட்டு, டிரம்மில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டிருந்தார்கள். அலசிய சேறு வெள்ளைச் சரிவில் ஓடிக் காய்ந்து கிடந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியில் மேட்டுப் புழுதி கலந்து சாம்பல் நிறமாகியிருந்தது. தாமோதரன் அவர்கள் நடுவில் போய் நின்று, இதில் ஒன்றும் இல்லை, ஏரி மண், விட்டுவிடுங்கள் என்று முதல் முறையாகச் சொன்னார். அவர் குரலை யாரும் அதற்குமுன் அப்படிக் கேட்டதில்லை. ஒருத்தன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரித்தான்.

"ஒண்ணும் இல்லாததுக்கா விடிகாலையில டெம்போ எடுத்துக்கினு வந்தே, பெருசு? நீயும் உக்காரு, உன் பங்கை நீ அலசிக்க."

இன்பராஜ் எப்படியோ இரண்டு சாக்கு அள்ளிக் கட்டினான். வீட்டில் மாலா ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். வெள்ளையாக மினுங்கியது. முகர்ந்து பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டு சாக்கும் கட்டு அவிழ்க்காமல் சுவரோரம் கிடக்கின்றன.

இரண்டு மாதம் கழித்து நிகழ்ச்சி வந்தது. லைன் முழுக்கப் பார்த்தது. மாலா சிரித்த இடத்தில் அழகாக இசை போட்டிருந்தார்கள். அதற்குள் புல் வைக்கோலாகி, பாயைச் சுருட்டுவது போல ஓரத்திலிருந்து சுருண்டுவிட்டது. ஒன்பது நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் அதற்குப் போதவில்லை. போதியிருந்தாலும் யாரும் ஊற்றியிருக்க மாட்டார்கள். குரோட்டன்ஸ் இலைமேல் புழுதி படிந்திருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாலா அடுப்படியில் உட்கார்ந்து, மார்க்கெட்டில் வாங்கிய கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரைக்கட்டில் பாதி அழுகல். தாமோதரன் டி.வி. முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரையில் கை வைத்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நகர்ந்து இடமும் கொடுக்கவில்லை.

தாமோதரன் வீட்டு மண்ணில் தங்கம் இருந்தது, டி.வி.காரர்களோடு அவர் சேர்ந்து அதை விற்றார், அதனால்தான் பெண்டாட்டி அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சாம்பியன் ரீப்ஸிலும் பக்கத்து நந்திதுர்க்கிலும் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். அந்த மண்ணில் ஒரு குந்துமணி தங்கமும் இல்லை. அவர் அதை விற்கவில்லை, சும்மா கொடுத்தார். அது பேத்தமங்களா ஏரி வண்டல். மாலா தலையில் சுமந்து கொண்டுவந்தது.