லொறி போகாத தெரு

லண்டனின் மிச்சம் பகுதியில் செபமாலைமுத்துவின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையைத் தெரியாத தமிழர் குறைவு. ஊரிலிருந்து வந்து இறங்கிய பலருக்கு முதல் வேலை அங்கேதான் கிடைத்தது. 1991இல் அவருக்கு மாரடைப்பு வந்ததும், லண்டனிலேயே பிறந்து வளர்ந்த ஒரே மகள் பெர்னடெற் தொழிற்சாலையைப் பொறுப்பெடுத்தாள்.

அடுத்த ஆண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத் தெருவில் ஒரு சிறுமியின் காலில் லொறி ஏறிவிட்டது. லொறி வேறு யாருடையதோ. ஆனாலும் பெட்டி ஒட்டும் பகுதியில் வேலை செய்த சிவமலர் ஒரு மனுவோடு பெர்னடெற்றிடம் வந்தாள். அந்தத் தெருவில் லொறிகளைத் தடைசெய்யும்படி பிள்ளைகளின் தாய்மார் சேர்ந்து உள்ளூர் கவுன்சிலுக்கு எழுதியது.

"என்ர மகளும் அங்கதான் படிக்கிறாள் அக்கா. எங்கட லொறியளும் அந்தத் தெருவாலதான் போகுது. கையெழுத்து வைப்பியளோ?"

பெர்னடெற் வைத்தாள். மறுநாளே தன் ஆறு லொறிகளையும் சுற்றுவழியால் அனுப்பினாள்.

செபமாலைமுத்து கொதித்துப் போனார். "இருபது வருசமா நான் கட்டினதைக் குழப்பப் போறியோ?"

"எங்கட லொறி ஏறியிருந்தா என்ன சொல்லுவியள், அப்பா?"

அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். 

தொழில் பாதிக்கும் என்று கவுன்சில் மனுவைத் தள்ளிவிட்டது. "அப்ப நீங்களே எலெக்சனில நில்லுங்கோ" என்றாள் சிவமலர். 1994 மே கவுன்சில் தேர்தலில் பெர்னடெற் எந்தக் கட்சியும் சாராமல் நின்றாள்.

தேவாலய மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்தார். "முதலாளி மகளுக்கு எங்கள் தெருவைப் பற்றி என்ன தெரியும்?"

"அந்தத் தெருவைக் கெடுத்ததில் என் லொறிகளுக்கும் பங்குண்டு. அது தெரிந்ததால்தான் நிற்கிறேன்" என்றாள் அவள். கேட்டவரே முதலில் கைதட்டினார்.

கடைசி வாரம் செபமாலைமுத்து கைத்தடியோடு கிளம்பினார். டொக்டர் வேண்டாமென்றும் கேட்கவில்லை. தமிழர் வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். "இவள் என்ர மகள். சொன்னால் செய்வாள். என்ர லொறியளையே சுத்துவழியால விட்டு எனக்கே செய்து காட்டினவள்."

நாற்பத்து மூன்று வாக்குகளால் பெர்னடெற் வென்றாள். மற்ற உறுப்பினர்களை வழிக்குக் கொண்டுவர ஒரு வருடம் பிடித்தது. கடைசியில் கவுன்சில் லொறித் தடையை நிறைவேற்றிய அன்று, பார்வையாளர் வரிசையில் செபமாலைமுத்து எழுந்து நின்று கைதட்டினார். அங்கே கைதட்டக்கூடாது. காவலர் வந்து உட்காரச் சொன்னார்.

"உட்கார ஏலாது தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து தட்டினார்.