தலைக்கும் வாலுக்கும் நடுவே

ஆர்வில் டக்கெட், வெண்ணெய்ப் பாகு நிறைத்த ஆறு பட்டர் டார்ட்டுகளைத் தகர டப்பாவில் அடுக்கித் தோள்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நடை தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் டப்பாவில் நான்குதான் மிச்சம். மற்ற இரண்டும் அவருக்கு முன்னால் நடந்த பெர்னிஸ் அம்மாளின் வயிற்றுக்குள் போய்விட்டன.

"திராட்சை போடாம செஞ்சிருக்கீங்க. நல்ல வேலை" என்று பெர்னிஸ் விரலில் ஒட்டிய பாகை நக்கினார். "யாருக்காகச் செஞ்சீங்க?"

"சும்மாதான்."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து சும்மா மாவு பிசையற ஆம்பளைய நான் இந்த எழுபத்தஞ்சு வயசுல பார்த்ததே இல்ல."

ஆர்விலின் பதில் முப்பது மீட்டர் முன்னால், பச்சைக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வரிசையின் தலையில் நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு மில்பர்ன் ஓடைக் காட்டில் இந்த நடை. ஓடையை ஒட்டியே போகும் சமதளப் பாதை, போக வர மூன்று கிலோமீட்டர். நுழைவாயில் பலகையில் பச்சை வட்டம் போட்டு 'எளிது' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவர்களில் முழங்கால் மாற்றியவர்கள் மூன்று பேர், இடுப்பு மாற்றியவர் ஒருவர். பாதையோ ஒற்றையடி. ஆகவே இந்தப் பன்னிரண்டு பேருக்கும் முன்னால் ஒருவர் ஊதலோடு, பின்னால் ஒருவர் ஆரஞ்சு மேலங்கியோடு. முன்னால் போகிறவரைத் 'தலை' என்பார்கள், பின்னால் வருகிறவரை 'வால்' என்பார்கள். தலையைத் தாண்டி யாரும் போகக்கூடாது. வாலுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது.

தலை, லோர்னா. ஊர்த் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் இருந்தவர். வால், ஆர்வில். முப்பத்துநான்கு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு குழந்தையைக்கூட வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவருக்கு ஒரே பெருமை. மேலங்கியை மாட்டிவிட்டால் தன் முன்னால் நடப்பவரை அவர் ஓரடிகூட முந்தமாட்டார்.

கடைசியாக நடப்பவர் எப்போதும் பெர்னிஸ். அவருக்குக் காளான் பைத்தியம். கண்ணில் பட்ட காளானையெல்லாம் குனிந்து, மண்டிபோட்டு, சமயத்தில் படுத்துக்கொண்டுகூடப் படம் எடுப்பார். மூன்று வருஷமாக ஆர்வில் பெர்னிஸின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். மூன்று வருஷமாக அவர் மனம் மட்டும் முப்பது மீட்டர் முன்னால் நடக்கிறது.

போன் செய்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு முறை செய்தார். இரண்டு முறையும் பனிக்கால டயர் மாட்டிவிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இன்றைக்கு அக்டோபர் மாதத்தின் கடைசி வியாழன். இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி நடை. பதினொன்றரை மணிக்கு லோர்னாவின் மகள் கெய்ல் காரில் பெட்டிகளோடு வாசலில் வந்து நிற்பாள். அங்கிருந்து நேரே விமான நிலையம். கல்கரியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார் லோர்னா. போகச் சீட்டு எடுத்தாகிவிட்டது, திரும்பி வரச் சீட்டு எடுக்கவில்லை. "புடிச்சிருந்தா அங்கேயே இருந்துடலாம்னு இருக்கேன்" என்று போன வாரம் எல்லோரிடமும் சொன்னார். அன்றிலிருந்து ஆர்வில் சரியாகச் சாப்பிடவில்லை.

முன்னால் போய்க்கொண்டிருந்த மெர்வ் வேண்டுமென்றே நடையைத் தளர்த்தி, பெர்னிஸுக்கு வழிவிட்டு, ஆர்விலோடு சேர்ந்துகொண்டார். இருவரும் நாற்பது வருஷமாகக் குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன்பிடிக்கும் கூட்டாளிகள்.

"என்னடா, சொல்லிட்டியா?"

"எங்கடா சொல்றது? அவங்க அங்க, நான் இங்க."

"போய்ச் சொல்லேன்."

"வால் முந்தக்கூடாது."

"ஆர்வில், இது ஸ்கூல் பஸ் இல்லடா. நீ விட்டுட்டுப் போனா யாரும் அழமாட்டாங்க."

"பெர்னிஸ் விழுந்துட்டா?"

"பெர்னிஸ் எங்க விழறது, ஏற்கெனவே தரையிலதான கெடக்கா."

உண்மைதான். பெர்னிஸ் சாய்ந்து கிடந்த ஒரு மேப்பிள் கட்டையின் அடியில் தலையை நுழைத்திருந்தார். "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. படம் கலங்குது" என்றது கட்டை.

"திரும்பற எடத்துல இருக்கற பெஞ்சுல சொல்லிடுவேன்" என்றார் ஆர்வில், குரலைத் தாழ்த்தி. "லோர்னா அங்க நின்னு தலை எண்ணுவாங்க இல்ல, எல்லாரும் வந்து சேருவோம். ரெண்டு நிமிஷம் கெடைக்கும். டப்பாவ நீட்டுவேன். அப்படியே சொல்லிடுவேன்."

"என்னன்னு?"

"போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை? ஏப்ரல்ல திரும்பி வாங்க, நடை இல்லாத ஒரு நாளா பார்த்து நாம ரெண்டு பேரும் மட்டும் இதே பாதையில நடக்கலாம்னு."

மெர்வ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தான்டா இருக்கு. டயரைப் பத்தி மட்டும் பேசிடாதே." சொல்லிவிட்டு, டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

மூன்று.

சிடார் மரங்கள் முடியும் இடத்தில் சதுப்பு தொடங்கியது. இனி பெஞ்சு வரைக்கும் பலகைப் பாதைதான். இரண்டே பலகை அகலம், கைப்பிடி கிடையாது. 'பலகையை விட்டு இறங்காதீர்கள், செடிகளைக் காப்போம்' என்ற எழுத்துக்குக் கீழே கறுப்புச் சேறு. வரிசை முழுக்கப் பலகைமேல் ஏறிவிட்டது. ஆர்விலின் பூட்ஸும் ஏறிவிட்டது. பெஞ்சு தெரிய இன்னும் ஒரே ஒரு வளைவு.

அப்போது ஊதல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று என்றால் நில்.

செய்தி ஆள்மாற்றி ஆளாக வரிசையில் பின்னோக்கி வந்தது. பெர்னிஸ் திரும்பி ஆர்விலிடம் சேர்த்தார்: "பீவர் அணை கட்டிடுச்சாம். வளைவுக்கு அந்தப் பக்கம் பலகை மேல முழங்கால் அளவு தண்ணி. திரும்பணும்."

பெஞ்சு போயிற்று. எண்ணிக்கை போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. எங்கோ இருந்த ஒரு பீவர், அந்தப் பெரிய நீரெலி, மரத்தைக் கடித்துக் கடித்து ராவோடு ராவாக அவர் வாழ்க்கையில் அணை போட்டுவிட்டது.

"அப்படியே திரும்பினா நீங்கதான் முன்னாடி" என்றார் பெர்னிஸ். "நடங்க."

ஒரு கணம் ஆர்வில் காலைத் திருப்பினார். பிறகு நிறுத்தினார். எல்லோரும் அப்படியே திரும்பினால் ஆரஞ்சு மேலங்கி முன்னால் போகும், ஊதல் பின்னால் வரும். அது எப்படிச் சரியாகும்? தலை தலையில்தான் இருக்கவேண்டும், வால் வாலில்தான் இருக்கவேண்டும். மேலும், லோர்னாவும் அப்படித்தான் நினைப்பார் என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் கடிதங்களை அந்தந்தப் பெட்டியில் போட்ட பெண்மணி.

"மன்னிச்சுக்கங்க பெர்னிஸ், கொஞ்சம் வழி."

"என்னைத் தாண்டவா போறீங்க? நீங்களா?"

"தாண்டல. பின்னாடி போறேன். பின்பக்கம் அந்தப் பக்கம் போயிடுச்சு."

இரண்டு பலகை அகலத்தில் ஒருவரை ஒருவர் கடப்பது சாதாரணக் காரியமில்லை. கோட்டைப் பிடித்துக்கொள்ளவேண்டும், வயிற்றை உள்ளே இழுக்கவேண்டும், இரண்டு பேரும் 'மன்னிக்கணும்' சொல்லவேண்டும். ஆர்வில் பெர்னிஸைக் கடந்தார். இடுப்பு மாற்றியவரைக் கடந்தார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் 'மன்னிக்கணும், மன்னிக்கணும்' என்று ஒரு குரல் நெருங்கி வந்துகொண்டிருந்தது. வரிசையின் சரி நடுவில், மெர்வின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பச்சைத் தொப்பி எட்டிப்பார்த்தது.

மெர்வ் அவசரமாகத் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு, வானத்தில் எதையோ பார்க்கத் தொடங்கினார்.

லோர்னா அவரைக் கடந்து வந்து ஆர்விலுக்கு நேருக்கு நேர் நின்றார்.

"மன்னிக்கணும்" என்று லோர்னா இடது பக்கம் ஒதுங்கினார். ஆர்விலும் அதே பக்கம் ஒதுங்கினார். "மன்னிக்கணும்" என்று இருவரும் மறுபக்கம். மறுபடி இந்தப் பக்கம். பலகை லேசாக ஆடியது. லோர்னா சட்டென்று ஆர்விலின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"நாலாவது தடவை வேணாம் ஆர்வில். விழுந்துடுவோம்."

"ஆமா" என்றார் ஆர்வில். தொண்டையைச் செருமினார். முன்னால் ஆறு பேர், பின்னால் ஆறு பேர், காடு முழுக்க நிசப்தம். சிக்கடிக் குருவிகூட வாயை மூடிக்கொண்டது. "லோர்னா... கல்கரியில பனி ஜாஸ்தி. பனிக்கால டயர்..."

"ஐயோ!" என்றார் மெர்வ், வானத்தைப் பார்த்து.

பின்னாலிருந்து பெர்னிஸ் கத்தினார்: "டயரை விடுங்க! டார்ட்டைக் குடுங்க!"

ஆர்வில் டப்பாவைத் திறந்து நீட்டினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பேருந்துக் கதவைத் திறக்கும் நெம்புகோலை இழுப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னார். "ஏப்ரல்ல திரும்பி வாங்க. நடை இல்லாத ஒரு நாள், நாம ரெண்டு பேரும் இங்க நடக்கலாம். முன்னாடி பின்னாடியா இல்ல. பக்கத்துல பக்கத்துல. மூணு வருஷமா உங்க தொப்பியத்தான் பார்த்துக்கிட்டு வரேன். இனிமே பக்கத்துல இருந்து பார்க்கணும்."

லோர்னா ஒரு டார்ட்டை எடுத்தார். மெதுவாகக் கடித்தார். பன்னிரண்டு பேரும் அவர் மெல்லுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"திராட்சை போடலையா?"

"இல்ல..."

"எனக்குத் திராட்சை போட்டாத்தான் புடிக்கும்."

ஆர்விலின் முகம் வாடியது.

"அதனால ஏப்ரல்ல போட்டுச் செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்றார் லோர்னா. "மூணு வருஷமா பெஞ்சுல நின்னு தலை எண்ணறேனே, எங்கேர்ந்து எண்ண ஆரம்பிப்பேன்னு நெனைக்கிறீங்க? அந்த ஆரஞ்சு மேலங்கி வளைவுல திரும்பறது தெரிஞ்சாத்தான் நான் 'ஒண்ணு'ன்னே சொல்லுவேன். நீங்கதான் ஒரு தடவைகூட முந்தி வந்து பேசல. மனுஷன் பேச மாட்டேங்கிறாரே, பேசாம கல்கரிக்கே போயிடலாம்னு இருந்தேன்."

"வால் முந்தக்கூடாதுன்னு..."

"தெரியும். அந்த விதி எழுதின தாளை டைப் அடிச்சதே நான்தான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. மெர்வ் மூக்கைச் சிந்தினார்.

"ஏப்ரல் வரைக்கும் எதுக்குங்க காத்திருக்கணும்?" என்று பெர்னிஸின் குரல் மறுபடியும் வந்தது. "வாசலுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. இன்னைக்கே நடங்க."

"அப்ப வால் யாரு?" என்றார் ஆர்வில், பழக்கதோஷத்தில்.

லோர்னா அவரைப் பார்த்தார். பெர்னிஸ் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு ஆர்விலின் மேலங்கியின் பட்டியை அவிழ்த்தார்.

"எல்லாரையும்விட மெதுவா நடக்கறவங்களுக்கே இதைப் போட்டுட்டா, அவங்களுக்குப் பின்னாடி யாரு நிக்கப்போறாங்க?"

ஆர்வில் கணக்குப் போட்டார். மூன்று வருஷம். கிட்டத்தட்ட நூறு நடை. இந்தச் சின்ன விஷயம் ஒருவருக்கும் தோன்றவில்லை. தனக்குத் தோன்றவில்லை, தாளை எழுதியவருக்கும் தோன்றவில்லை. இருவருமே அத்தனை ஒழுங்கான ஆட்கள்.

மேலங்கி கைமாறிக் கைமாறிப் பெர்னிஸிடம் போனது. சிடார் மரத்தடியில் பலகை முடிந்து தரை வந்ததும் அவர் ஓரமாக நின்று, எல்லோரையும் முன்னால் போகவிட்டு, அதைப் பெருமையாக மாட்டிக்கொண்டார். ஊதல் மெர்வின் கழுத்துக்குப் போனது. மெர்வ் காரணமே இல்லாமல் அதை ஆறு முறை ஊதினார்.

திரும்பும் வழியில் தலையும் வாலும் இல்லாத இருவர் வரிசையின் நடுவில் நடந்தார்கள். ஒற்றையடிப் பாதை இருவருக்குப் போதாததால் தோள் தோளில் இடித்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு டார்ட்டுகளையும் ஆளுக்கு ஒன்றாகத் தின்றார்கள். ஓடை பக்கத்திலேயே மேப்பிள் இலைகளைச் சுமந்துகொண்டு வந்தது.

பதினொன்றரைக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டு அடித்தும் வரவில்லை. கெய்ல் காரைவிட்டு இறங்கி நுழைவாயிலில் நின்றிருந்தாள்.

"அம்மா! எங்க போயிட்டீங்க? நாலு மணிக்கு ஃப்ளைட்!"

"போகலாம், போகலாம். வால் இன்னும் வந்து சேரல."

"வாலா? ஆர்வில்தான் உங்க பக்கத்துலயே நிக்கிறாரே!"

"இவர் இப்ப வால் இல்ல." லோர்னா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "கெய்ல், உன் போன்ல ஒரு சீட்டு எடுக்க முடியுமா? கல்கரியிலேர்ந்து இங்க. ஏப்ரல் முதல் வாரம்."

கெய்ல் அம்மாவைப் பார்த்தாள். ஆர்விலின் மீசையில் ஒட்டியிருந்த டார்ட் துணுக்கைப் பார்த்தாள். அம்மாவின் மேலுதட்டில் ஒட்டியிருந்த அதே துணுக்கைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்தாள்.

"எந்தக் கிழமைம்மா?"

"புதன்கிழமை வந்து இறங்கற மாதிரி" என்றார் ஆர்வில் அவசரமாக. "வியாழக்கிழமை கூட்டம் வந்துடும்."

கால் மணி நேரம் கழித்து, மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பெர்னிஸ் இரண்டு முழங்காலிலும் சேறோடு, கேமராவை உயரத் தூக்கிக்கொண்டு, நிதானமாக வந்தார்.

"எனக்குப் பின்னாடி ஒருத்தரும் இல்ல!" என்று தூரத்திலிருந்தே அறிவித்தார். "நல்லாப் பார்த்துட்டேன். பதினேழு காளான், ஒரு பீவர், அவ்வளவுதான்!"