குகதாசனுக்குச் சொல்ல வேண்டியது

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்ச் பதினாலு. இங்கிலீஷ்காரர் நாட்டில் வசந்தம் என்று பெயர்தான். மனோர் பார்க்குக்குக் கிட்ட இருந்த ஏரியில் காற்று காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து மூன்று மாதம் மீன் பிடிக்கத் தடை. அதனால் குகதாசன் ஷிப்ட் முடிந்த கையோடு தூண்டிலும் மண்புழுவுமாக வந்துவிட்டான். கூட வந்த பத்மநாதன் மீனுக்காக வரவில்லை. ஊரில் குகதாசனின் மனைவி தவநாயகி செத்துப்போனதை அவனிடம் சொல்ல வந்திருந்தான்.

கடிதம் வந்து ஒன்பது நாள். சந்தைக்குப் போன இடத்தில் பொம்மர் விமானம் குண்டு போட்டுவிட்டது. போன் இல்லாத ஊர். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவர் கையில் தவநாயகியின் தகப்பன் கொடுத்துவிட்ட கடிதம், பத்மநாதன் பெயருக்கு. 'மருமகன் தனிய இருக்கிறார், பக்குவமாகச் சொல்லுங்கோ' என்று எழுதியிருந்தார். பக்குவமாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்மநாதனும் கூட்டாளிகளும் ஒன்பது நாளை ஓட்டிவிட்டார்கள். முதலில் அவனுக்கு நைட் ஷிப்ட், நித்திரை கொள்ளட்டும் என்றார்கள். பிறகு, பாவம் காய்ச்சல் என்றார்கள். பிறகு, தவநாயகியைக் கூப்பிட விசா சரிவந்துவிட்டதென்று அவனே வீடு வீடாகக் கேக் கொண்டு திரிந்தான். கேக்கை வாங்கித் தின்றவர்களில் எவனுக்கு வாய் வரும்?

இன்று காலை பத்மநாதனின் மனைவி செல்வமலர் கதவடியில் மறித்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்குச் சொல்லாமல் வீட்டுக்குள்ளை கால் வைக்காதேங்கோ."

"அண்ணை, குளிருதோ?" குகதாசன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றி நீட்டினான்.

குடித்து முடிந்ததும் சொல்லுவோம் என்று நினைத்தான் பத்மநாதன். குடித்து முடிந்தது. தூண்டிலின் மிதப்பு லேசாக அசைந்தது. இந்த மீன் வரட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தான். கோழைப் பயல்.

மிதப்பு அமுங்கியது. முதுகில் வரி போட்ட, சிவந்த செட்டையுள்ள மீன் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. மூன்று வருடத்தில் குகதாசன் இப்படிச் சிரித்து பத்மநாதன் பார்த்ததில்லை.

"இஞ்சை பிடிச்சதைத் திரும்பத் தண்ணியிலை விடவேணுமாம். விசர்ச் சனம். விடமுதல் ஒரு படம் எடுங்கோ அண்ணை, தவத்துக்கு அனுப்புவம். கெதியா எடுங்கோ, இது செத்துப்போகும்."

பத்மநாதன் குகதாசனின் பையிலிருந்த கமெராவை எடுத்துக் கண்ணில் வைத்தான். சின்னக் கண்ணாடிக்குள் மீனும் குகதாசனின் பல்லும் தெரிந்தன. அவனால் ஏலவில்லை. கமெராவை இறக்கினான்.

"குகன், மீனை விடும்."

"ஏனண்ணை?"

"தவம் இல்லை. குண்டு பட்டு... போயிட்டா."

குகதாசன் குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டான். ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரில் கையை நெடுநேரம் கழுவினான்.

"எப்ப?"

"பெப்ரவரி இருபது."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போன கிழமை, செவ்வாய்க்கிழமை."

குகதாசன் எழுந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"வெள்ளிக்கிழமை கோயிலிலை அவவின்ரை பேருக்கு அருச்சனை செய்தனான். நல்லபடியா வந்து சேரவேணுமெண்டு. பக்கத்திலை நிண்டனீங்கள்."

"நிண்டனான்."

"செத்த வீட்டுத் தீட்டுத் துடக்கோடை என்னைக் கோயிலுக்குள்ளை விட்டிட்டு, விபூதியும் வாங்கிப் பூசினனீங்கள்."

"உம்மடை முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் போச்சு," என்றான் பத்மநாதன். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோசனம்?

குகதாசன் தூண்டிலைக்கூட எடுக்கவில்லை. பத்தடி நடந்தவன் நின்று திரும்பினான்.

"அண்ணை, ஊரிலை இன்னும் அம்மாவும் தங்கச்சியும் இருக்கினம். அவைக்கு ஏதும் நடந்தால், எனக்கு நேரை எழுதச் சொல்லுங்கோ."

பத்மநாதன் ஓம் என்றான்.