ஒரு சொட்டும் செலவாகாத முப்பத்தெட்டு நாள்

1

முப்பத்தெட்டு நாளாக எங்கள் சூரிய மின்நிலையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் செலவாகவில்லை. என் கணினித் திரை அப்படித்தான் சொன்னது. அதிலிருந்த பூஜ்யத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. எழுதும்போது மனசு லேசாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களால் தகடுகளை வருட…'

வேண்டாம். நான் இயற்பியல் படித்தவள். தகட்டில் அழுக்குப் படிந்தால் மின்சாரம் குறையும். தூசியை ரோபோ துடைத்துவிடும். காய்ந்த பறவை எச்சம் அதற்கு மசியாது. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆறு பெண்கள் இருக்கிறார்கள். மூத்தவரை 'மழை அக்கா' என்போம்.

அன்று காலையும் அக்கா என் ஜன்னலுக்கு வெளியே குழாயும் கையுமாக நின்றார்.

"என்னம்மா சொல்லுது உன் கம்ப்யூட்டரு?"

"நீங்க தண்ணியே தொடலையாம்க்கா."

"அப்போ நான் நனைஞ்சு நிக்கிறது வேர்வையிலயா? நல்லா பாத்துச்சு போ!"

3

மேலாளர் நகரத்து அலுவலகத்தில் இருப்பவர். நிலையத்தைத் திரையில்தான் பார்ப்பார். அன்றைய காணொலிக் கூட்டத்தில் அவர் முகமெல்லாம் பல்.

"ரோபோ வந்ததுல இருந்து தண்ணிச் செலவு பூஜ்யம்! சுற்றுச்சூழல் அறிக்கையில முதல் பக்கமே இதுதான். திங்கக்கிழமைல இருந்து கழுவுற ஆளுங்களும் வேண்டாம்."

(இந்த இடத்தில் கதாநாயகியைத் துணிச்சல்காரி ஆக்கப் பார்த்தேன். 'மேசையைத் தட்டி எழுந்த அவள்…' அடித்துவிட்டேன். கூட்டத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்கிறவள் நான்.)

பூஜ்யம் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே, தண்ணீர் அளவைத் திரைக்கு அனுப்பும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தேன். சொல்லத்தான் வாய் வரவில்லை. காரணம் மேலாளருக்குக் கொஞ்சம் நெருக்கமானது.

4

முடிவு ஒன்று: மழை அக்கா கூட்டத்துக்குள் புகுந்து குழாயைத் திறந்துவிடுகிறார். (சினிமா. மேலும், லேப்டாப் கம்பெனியுடையது.)

முடிவு இரண்டு: நான் மின்னஞ்சல் அனுப்புகிறேன். யாரும் படிப்பதில்லை. (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே வேண்டாம்.)

நடந்தது இது. "வேற ஏதாவது இருக்கா?" என்றார் மேலாளர். நான் மைக்கைத் திறந்தேன்.

"சார், அது பூஜ்யம் இல்ல."

"பின்ன?"

"காலி. மீட்டர்ல இருந்து ஒண்ணும் வரலைன்னா, சாஃப்ட்வேர் தானா பூஜ்யம்னு போட்டுக்குது."

"ஏன் வரல?"

என் பதிலைக் கேட்டு அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கோபப்படட்டும், சிரிக்கட்டும், இணைப்பைத் துண்டிக்கட்டும். திங்கட்கிழமை ஆறு பேரும் வேலைக்கு வந்தார்கள். அதை மட்டும் மாற்றாதீர்கள். என் பங்குக்கு ஒரு வரிதான் பாக்கி. அதைச் சொன்னேன்.

"மீட்டருக்குள்ள இருக்கிற சிம்முக்கு நீங்க ரீசார்ஜ் பண்ண மறந்துட்டீங்க, சார்."