முப்பது நாள் இலவச அமைதி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், இலவசம் என்ற முகமூடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, முப்பது நாள் முடிந்ததும் சம்பளம் கேட்கும் எந்தச் சேவையும் இந்த வீட்டில் முப்பத்தோராம் நாளைப் பார்க்காது. எழுபத்திரண்டு வீடுகள் அடங்கிய குடியிருப்பின் சங்கத் தலைவர், வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனத்தைத் தம் சாப்பாட்டு மேசை முன் எழுந்து நின்று வெளியிட்டார். கூட்டத்துக்கு வந்திருந்தவர் ஒருவர், தலைவரின் மனைவி. அவளுக்கும் அது கேட்கவில்லை.

அவள் காதில் புத்தம்புதிய கேட்புக் கருவி இருந்தது. அன்று காலைதான் வாங்கியது.

குடியிருப்பில் அவளை டெய்லரம்மா என்பார்கள். சட்டைத் தொழிற்சாலையில், காலர் தைக்கும் வரிசையில், இருநூறு மெஷின்களுக்கு நடுவே இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்றபோது நிர்வாகம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது, காதை வைத்துக்கொண்டது. இப்போது படுக்கையறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, அக்கம்பக்கத்தாரின் பேண்ட்டை மடித்துத் தைப்பதும் ஜிப் மாற்றுவதுமாகப் பொழுது போகிறது.

கருவி விற்ற கடையில் ஒரு சின்னப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள்.

"அம்மா, இதோட ஒரு கூடுதல் சேவை முப்பது நாளைக்கு இலவசம். பேரு 'அமைதி'. உங்களுக்குத் தொந்தரவா இருக்கிற சத்தத்தை ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணிட்டா போதும். அந்தச் சத்தத்தை மட்டும் கருவி அமுக்கிடும். வாசல்ல போற வண்டிச் சத்தத்தைப் பதிஞ்சுடலாமா?"

"பதிஞ்சுடும்மா," என்றாள் டெய்லரம்மா.

அந்தப் பெண் தெருக்கதவைத் திறந்து வைத்து, கைப்பேசியை நீட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அதே நொடியில்தான், கூட வந்திருந்த தலைவர் தொண்டையைச் செருமினார்.

"முப்பது நாளைக்கு அப்புறம்?"

"தானா புதுப்பிச்சுக்கும் சார். காசு உங்க கார்டுல எடுத்துக்கும். வேண்டாம்னா முப்பதாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடணும்."

போதாதா? தலைவர் கதவுக்கும் கைப்பேசிக்கும் நடுவில் போய் நின்று, இலவசம் என்னும் தூண்டிலைப் பற்றியும், புழுவைப் பற்றியும், மீனாக மறுக்கும் குடிமகனின் கடமையைப் பற்றியும் பேசினார். வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நீட்டிய கையை மடக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. சரியாக இரண்டு நிமிடத்தில் கைப்பேசி மணியடித்துப் பதிவை முடித்துக்கொண்டது. தலைவர் முடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் வண்டிச் சத்தம் காதைப் பிளந்தது. இலவசச் சேவை இலவசச் சேவையாகத்தானே இருக்கும் என்று டெய்லரம்மா நினைத்துக்கொண்டாள். மதியம் மேசை முன் கணவர் எழுந்து நின்றார். வாய் அசைந்தது. ஆள்காட்டி விரல் கூரையை நோக்கிப் போனது. காதில் விழுந்ததோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி மெல்லிய முனகல் மட்டும். பேட்டரி போய்விட்டதா? இல்லை. தட்டில் கரண்டி படுவது கேட்டது. மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது.

பேசி முடித்து உட்கார்ந்தவர், "உப்பைக் கொஞ்சம் தள்ளு," என்றார்.

துல்லியமாகக் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கருவி கணவரை அமுக்கவில்லை, தலைவரை மட்டும்தான் அமுக்குகிறது. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அவள் உப்பைத் தள்ளிவிட்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவள் வாழ்க்கையில் கேட்டறியாத நாட்கள். துணியில் ஊசி இறங்கும் சத்தம் தனி, ஏறும் சத்தம் தனி என்று அறுபதை நெருங்கும் வயதில் கண்டுபிடித்தாள். ஜன்னல் கம்பியில் புறா நடந்தால் நகம் கிறீச்சிடுகிறது. தலைவரோ தண்ணீர்த் தொட்டியின் எதிர்காலம், லிப்டில் நாயை ஏற்றலாமா, எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி நடைபாதையில் செய்துள்ள ஆக்கிரமிப்பு என வழக்கம்போல் வேளைக்கு ஒரு தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். எங்கே 'ம்' போட வேண்டும், எங்கே 'அதானே' சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் வாய்க்கே பழகிவிட்டது. காது தேவைப்படவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒன்று முதல் முப்பது வரை எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் தலைவர் தினம் ஒரு எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவந்தார். இருபத்தாறு அடிபட்ட அன்று தங்கை பேண்ட்டும் கையுமாக வந்தாள். டெய்லரம்மா கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அத்தான் குரல் மட்டுமா கேக்கல?" தங்கை கட்டிலில் சரிந்து சிரித்தாள். "அக்கா, அந்த மெஷினு எங்க விக்குது? எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு பதியணும்."

"உனக்குத்தான் காது நல்லா இருக்கே."

"அதான்க்கா என் கஷ்டமே!"

"சிரிக்காதடி. இன்னும் நாலே நாள். அப்புறம் ரத்து பண்ணிடுவாரு."

"வேணும்னு சொல்லேன். நீ தைச்ச காசுலயே கட்டிக்கயேன்."

"காசா பெருசு? ஏன் வேணும்னு கேப்பாரே. என்னன்னு சொல்லட்டும்? 'உங்க பேச்ச மெஷினு இரைச்சல்னு நெனச்சிடுச்சு, எனக்கும் அது சௌகரியமா இருக்கு'ன்னா? மனுஷன் ஒடஞ்சு போயிடுவாருடி. அந்தப் பேச்ச விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

தங்கை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேண்ட் நீளத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பதாம் நாள் மதியம் மூன்று மணிக்குத் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையில் மேசைக்கு வந்தார். எதிரி தொலைபேசியில் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் போர் என்றால் சீருடை வேண்டாமா? கைப்பேசியை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். டெய்லரம்மா எதிரில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்று முறை வாயைத் திறந்து, மூன்று முறையும் "டீ போடட்டுமா?" என்று முடித்திருந்தாள்.

ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, காத்திரு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், மறுபடி நான்கை அழுத்து. இருபது நிமிடம் இசை கேட்ட பிறகு ஒரு பெண்குரல் வந்தது. தலைவர் பேசினார். டெய்லரம்மாவுக்கு ஃபிரிட்ஜ் முனகியது. கை வீசிய கணக்கைப் பார்த்தால், தூண்டில் முடிந்து புழுவுக்கு வந்திருக்க வேண்டும்.

"புரியுது சார்," என்றாள் அந்தப் பெண், மூச்சு விட அவர் நிறுத்திய இடத்தில். "ரத்து பண்றதுக்கு முன்னாடி, நீங்க எந்தச் சத்தத்துலேர்ந்து தப்பிச்சீங்கன்னு போட்டுக் காட்டணும். எங்க கம்பெனியில அப்படி ஒரு வழக்கம். அதைக் கேட்டா நெறைய பேர் மனசு மாத்திக்கிறாங்க."

தலைவர் அலட்சியமாகக் கையை ஆட்டினார். "போடும்மா, போடு."

கைப்பேசியிலிருந்தும் முனகல்தான் வந்தது. ஆனால் எதிரே இருந்த முகத்தில் எல்லாமே எழுதியிருந்தது. முதலில் புருவம் சுருங்கியது. யாரோ ஒரு அறுவைப் பேச்சாளரிடம் மாட்டிக்கொண்ட ஆளைப் போல, எப்போது முடிப்பான் என்ற சலிப்பு வந்தது. ஒரு நிமிடம் பொறுத்திருப்பார்.

"யாரும்மா இது, விடாம அறுக்கறது?" குரல் தணிந்திருந்ததால் கேட்டது.

அந்தப் பெண் தயங்கினாள். "சார்... நீங்கதான்னு நினைக்கிறேன்."

டெய்லரம்மாவின் ஊசி பட்டனின் மூன்றாம் துளையில் நின்றது.

தலைவர் கைப்பேசியைப் பார்த்தார். மனைவியின் காதைப் பார்த்தார். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தாளைப் பார்த்தார்.

"முப்பது நாளாவா?"

"ம்."

"தண்ணித் தொட்டி பத்தி அவ்வளவு சொன்னேனே?"

"கேக்கலங்க."

"லிப்ட்டு, நாய்?"

"இல்லங்க."

"நீ தலையாட்டினியே!"

"அது முன்னாடிலேர்ந்தே ஆட்டறதுதான்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை வயிற்றருகே மடிந்தது. மேடையிலிருந்து ஒரு மனிதன் இறங்கி, படி எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தச் சேவை வேண்டாம் என்று அவள் வாய் சொல்லவில்லை.

"இப்ப நான் பேசறது?" என்றார், கிட்டத்தட்ட காதோடு பேசுகிற குரலில்.

"நல்லா கேக்குது."

"எது எது கேக்கும்?"

"உப்பு கேட்டது. கண்ணாடிய எங்க வெச்சேன்னு கேட்டது. அன்னிக்கு ஜன்னலோரம் நின்னு, வெளிச்சம் போதுமா உனக்குன்னீங்க. அது."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அதுவும் அவளுக்குக் கேட்டது.

"வேணுமா உனக்கு இது?"

"வேணுங்க."

தலைவர் கைப்பேசிப் பக்கம் குனிந்தார். "இருக்கட்டும்மா. ரத்து வேண்டாம்."

"ரொம்ப நன்றி சார்! ஏன் தொடர்றீங்கன்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியுமா? பதிவுக்காக."

டெய்லரம்மா ஊசியை இறக்கி வைத்தாள். ஒரு வார்த்தை என்று அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"கேக்குதாம்," என்றார் தலைவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், குறைவாகப் பேசுவதன் அவசியம் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் பேசினார்.